கல்லும் ஏடும் கணிப்பொறியும்

மாணவர்களே, நாம் எழுதிவைப்பன எவ்வளவு காலம் இருக்கும் என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச எண்ணுகிறேன். "கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் ஒன்றும் அழியாது" என்று சிலர் உறுதியாகச் சொல்கின்றனர். "கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய தாளே நிற்கும், மின்சாரத்தை நம்பி எழுதுவது நீர்மேல் எழுத்து" என்று வேறு சிலர் அதே உறுதியோடு மறுக்கின்றனர். ஆசிரியர் அறைகளில் இவ்வழக்கை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரு சாராரும் இரண்டு வினாக்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டே வழக்காடுகின்றனர். ஒரு பதிவை எவரும் கவனியாது விட்டுவிட்டால் அஃது எத்தனை நாள் தாங்கும் என்பது ஒரு வினா. எவரேனும் தொடர்ந்து கவனித்துவந்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது மற்றொரு வினா. கல்லும் ஓலையும் தாளும் கணிப்பொறியும் இவ்விரு வினாக்களுக்கும் வெவ்வேறு விடை தருகின்றன. அவ்விடைகளை நம் பக்கத்து ஊர்களிலேயே தேடிப் பார்ப்போம்.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு வடக்கே தகடூர் இருந்தது. இன்றைய தருமபுரியே பழைய தகடூர் என்பதை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டான். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று சிறு குழந்தையும் அறிந்த பெயர் அது. அவன் குடிக்கும் சேரருக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. தகடூரை வென்ற சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து பாடுகிறது. அப்போரையே பொருளாகக் கொண்டு 'தகடூர் யாத்திரை' என்ற தனி நூலும் ஒரு காலத்தில் இருந்தது. பாட்டும் உரைநடையும் விரவிய நூல் அஃது என்பதைப் பழைய உரைகளால் அறிகிறோம். அந்நூல் இன்று இல்லை. 'புறத்திரட்டு' என்னும் தொகைநூலில் சேர்த்துவைக்கப்பட்ட பாடல்களும், உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய சிலவுமே எஞ்சியுள்ளன. பதிற்றுப்பத்தும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பத்துப் பத்துகளில் முதலும் கடையும் போய்விட்டன.

ஏட்டில் இருந்த போர்க்கதை போயிற்று. கல்லில் இருந்தது என்ன ஆயிற்று? 1981ஆம் ஆண்டில் திருக்கோவிலூருக்கு அருகே சம்பை என்னும் ஊரில், ஒரு குன்றின் குகைப் பாறையில் தமிழ்ப் பிராமி எழுத்தால் ஆகிய ஒருவரிக் கல்வெட்டைக் கண்டெடுத்தனர். சதியபுதோ என்னும் பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரையும், துறவியர் தங்குதற்கு அவன் இருப்பிடம் அளித்தான் என்ற செய்தியையும் அது தெரிவிக்கிறது. அசோகன் தன் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்று ஒருவரைக் குறித்திருந்தான். அவர் யார் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டுவந்தனர். சம்பைப் பாறையில் இருந்த ஒரே வரி அவ்வழக்கைத் தீர்த்துவைத்தது.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் எவர் காவலும் இல்லாமல், மழையிலும் வெயிலிலும் அக்குன்றில் கிடந்த எழுத்து நின்றது. ஆனால் நின்றது எவ்வளவு? ஒரு பெயர், ஒரு பட்டம், ஒரு கொடை; அவ்வளவே. அவன் எப்படிப் போரிட்டான், யார் யார் மாண்டனர், புலவர் என்ன சொல்லிச் சந்து செய்ய முயன்றனர் என்பனவற்றையெல்லாம் கல்லில் வெட்டுவது யாரால் இயலும்? உளி பிடிப்பவனுக்குக் கூலி கொடுத்து மாளாது. அவை ஓலைக்கே உரியவை. ஓலை நிறையக் கொள்ளும், நெடுநாள் தாங்காது. கல் நெடுநாள் தாங்கும், கொஞ்சமே கொள்ளும். நாமக்கல் மலையில் அரங்கநாதர் குடைவரைக்குச் சென்றவர்கள் அங்கே பல்லவ கிரந்த எழுத்துகளைப் பார்த்திருக்கலாம். அக்கோயிலை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று அவை குறிக்கின்றன. எட்டாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் அவ்வெழுத்துகளால், அதியர் குடி அக்காலத்திலும் இப்பகுதியில் இருந்தது என்று அறிகிறோம். அங்கும் நாம் பெறுவது பெயர்களே, கதை இல்லை.

கல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கல் இருந்தால் மட்டும் போதுமா? அசோகனுடைய எழுத்துகள் தூண்களிலும் பாறைகளிலும் பளிச்சென்று இருந்தும், பல நூற்றாண்டுகள் அவற்றைப் படிக்க ஓர் ஆளில்லை. ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் 1837இல் பிராமி எழுத்தின் திறவுகோலைக் கண்ட பின்னரே அவை பேசத் தொடங்கின. தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள பிராமி எழுத்துகள் தமிழ்மொழியைக் குறிப்பன என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் விளக்கியது 1924இல். அதுவரை நம் முன்னோர் எழுதியதை நாமே கிறுக்கல் என்று எண்ணிக் கடந்து சென்றோம். எழுத்தைத் தாங்கும் பொருள் நிலைப்பது ஒன்று. அவ்வெழுத்தைப் படிக்கும் அறிவு நிலைப்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியிடம் போகும்போது இது மீண்டும் வேண்டப்படும்.

இனி ஓலையைப் பார்ப்போம். பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கரியும் இலைச்சாறும் மஞ்சளும் தடவி எழுத்தைத் துலக்குவார்கள். நன்கு பேணினால் மூன்று நான்கு நூற்றாண்டுகள் வரை ஓர் ஏடு இருக்கக்கூடும்; நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் செல்லரித்து அதற்கு முன்பே பொடியாவனவே மிகுதி. ஆகவே இன்று நம் கையில் உள்ள சங்கநூல் ஏடு எதுவும் சங்ககாலத்து ஏடு அன்று. படியின் படியின் படியே அது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் உட்கார்ந்து, முதுகு வலிக்கப் பார்த்தெழுதியதால் நூல் வந்து சேர்ந்தது. பொருள் நிலைக்கவில்லை, பழக்கம் நிலைத்தது. தமிழ் இலக்கியம் முழுவதும் இந்தப் பார்த்தெழுதும் பழக்கத்தின்மேல்தான் நின்றது.

படியெடுத்து முடிந்ததும் சிதைந்த பழைய ஏட்டை ஆற்றில் விடுவது வழக்கம். ஆடிப்பெருக்கு நாளில் வெள்ளத்தில் விட்டுவிடுவார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. புதிய படி வீட்டில் இருக்கிறதல்லவா? ஆனால் காலம் மாறியது. ஏடெழுதும் பழக்கம் நின்றது. ஏட்டை ஆற்றில் விடும் பழக்கம் நிற்கவில்லை. படியெடுக்காமலே ஏடுகளை விடத் தொடங்கினர். சில இடங்களில் தீயிலும் இட்டனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில் இத்தகைய செய்திகளைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்ததை எழுதியிருக்கிறார். அந்த ஏடுகளைப் பகைவர் எவரும் அழிக்கவில்லை. இரட்டைக் கடமையில் ஒன்றை மறந்து மற்றொன்றை விடாது செய்த நல்லவர்களே அழித்தார்கள்.

ஐயரை அவ்வழியில் திருப்பிவிட்டவர் சேலத்துக்காரர் என்பது இப்பகுதி மாணவர்கள் மகிழ வேண்டிய செய்தி. சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தார். ஐயர் அவ்வூர்க் கல்லூரியில் அப்போதுதான் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் இருவரும் சந்தித்தனர். ஐயர் தாம் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் அவற்றைக் கேட்டு வியப்படையவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைப் பின்னர்க் கொடுத்தார். ஐயர் பல ஊர் ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டு 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் தொடர்ந்து வந்தன. ஏடுகளில் புள்ளி இராது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். காலும் ரகரமும் மயங்கும். ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு எந்த அறிஞராலும் சரியான பாடத்தை நிச்சயிக்க முடிந்திராது. பல ஊர்களில் பல படிகள் இருந்தமையால் ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்தியது.

அச்சு வந்தபின் கவலை ஒழிந்தது என்று எண்ணியவர் பலர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கந்தல் துணிக்கூழுக்குப் பதிலாக மரக்கூழிலிருந்து மலிவான தாள் செய்யத் தொடங்கினர். மை ஊறாமல் இருக்கப் படிகாரம் சேர்த்தனர். அதனால் தாளிலேயே அமிலம் உண்டாகி, பழுப்பேறி, தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகிறது. நூலகத்தில் நூறாண்டுப் பழைய தமிழ்நூலைப் புரட்டியவர்களுக்கு இது தெரியும். இருப்பினும் நொறுங்கும் தாளும் ஓரளவு பேசும். மூலை போனாலும் நடுப்பகுதியைப் படிக்கலாம். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் அறுபது எழுபது ஆண்டுப் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இரும்புப் பீரோவில் இருந்தன. அவற்றை எவரும் தனியாகப் பேணியதில்லை. பூச்சி மருந்துகூட எப்போதோ ஒருமுறைதான். பிறந்த தேதிக்குச் சான்று தேடி முதியவர்கள் வருவார்கள். பெயரும் தந்தை பெயரும் சொன்னால், ஓர் அரைமணி நேரத்தில் அந்த வரியை எழுத்தர் எடுத்துக் காட்டுவார். ஓய்வூதியமோ வழக்கோ அந்த ஒரு வரியை நம்பியிருக்கும்.

தொட்டுப் பார்க்கக்கூடியவை எல்லாம் தாளைப்போல் பொறுமையானவை என்றும் எண்ணிவிடாதீர்கள். திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படநிறுவனத்தை நிறுவினார். ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவை இன்றும் காணலாம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' அந்நிறுவனம் எடுத்ததே, 1938இல் வெளிவந்தது. இன்று அப்படத்தின் பிரதி ஒன்றும் இல்லை. சில நிழற்படங்களே உள்ளன. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா' ஆகிய இரண்டும் 1931இல் வந்தவை, அவையும் இல்லை. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. அது தானே சிதையும்; தீப்பற்றினால் தணிக்க இயலாது. அதற்குப்பின் வந்த அசிட்டேட் சுருள் தீக்கு அஞ்சாது. ஆனால் வெப்பத்தில் புளித்துக் காடிநாற்றம் வீசிச் சுருங்கிவிடும். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் ஏற்பட்டது. அதற்குள் முதல் முப்பது ஆண்டுப் படங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. எஞ்சிய நைட்ரேட் சுருள்களில் பலவும் 2003ஆம் ஆண்டு அங்கு நேர்ந்த தீயில் அழிந்தன.

இப்போது கணிப்பொறியிடம் வருவோம். டிஜிட்டல் என்று சொல்லப்படும் பதிவை இவ்வுரையில் மின்பதிவு என்று குறிக்கிறேன். அதில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை, ஒலியும் இல்லை; எண்களே உள்ளன. அவ்வெண்களும் ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளால் ஆனவை. வன்தட்டில் அக்குறி காந்தப் புள்ளியாக இருக்கும். குறுந்தகட்டில் ஒளியால் சுட்ட தடமாக இருக்கும். பென்டிரைவில் அடைபட்ட மின்னூட்டமாக இருக்கும். காந்தம் தளரும், சாயம் வெளுக்கும், மின்னூட்டம் கசியும். வன்தட்டு சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றுவிடும். தாள் பழுத்துப்போவதைக் கண்ணால் காணலாம். தட்டு கெடுவது வெளியே தெரிவதில்லை. மூலை கிழிந்த பக்கத்தைப் படிப்பதுபோல், மூலை கெட்ட மின்கோப்பைப் படித்துவிட முடியாது. சிறு பழுதுக்கே முழுக் கோப்பும் திறக்க மறுப்பதுண்டு. எவரும் கவனியாமல் விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்ற முதல் வினாவில் மின்பதிவு கல்லுக்கும் தாளுக்கும் மட்டுமன்று, செல்லரிக்கும் ஓலைக்கும் தோற்றுவிடுகிறது.

இரண்டாவது வினாவிலோ நிலைமை வேறு. ஏட்டைப் பார்த்தெழுதுபவர் ஒவ்வொரு முறையும் சில பிழைகளைச் சேர்ப்பார். ஒலிநாடாவைப் படியெடுத்தால் ஒவ்வொரு படியிலும் இரைச்சல் மிகும். மின்பதிவில் நூறாவது படியும் முதற்படியும் ஒன்றே. எண்களைப் பெயர்த்தெழுதுவதுதானே வேலை! பெயர்த்தெழுதியது சரியா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. கோப்பில் உள்ள எல்லா எண்களையும் ஒரு கணக்குக்கு உட்படுத்தி, ஒரு சிறு விடையெண்ணைப் பெறுவர். படியிலும் அதே விடையெண் வந்தால் படி சரி. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விடை மாறிவிடும். பெருக்கல் கணக்கை ஒன்பது தள்ளிச் சரிபார்க்க உங்கள் பாட்டனார் காலத்தில் கற்றுக்கொடுத்தனர் அல்லவா? அதன் பேரப்பிள்ளை இது. நம் ஏடெழுதுவோரும் முப்பத்திரண்டு எழுத்துக்கு ஒரு கிரந்தம் என்று எண்ணி நூலின் அளவைக் குறித்துவைப்பதுண்டு. விடுபாடு நேர்ந்ததா என்பதை அறிய அதுவும் ஒருவாறு உதவும்.

ஆக, மின்பதிவுக்கு உறவினர் கல்லன்று, ஓலையே என்பது என் துணிபு. இரண்டும் படியெடுத்தே வாழ்வன. ஓலைக்குத் தலைமுறைக்கு ஒரு படி போதும். மின்பதிவுக்கு ஐந்தாறு ஆண்டுக்கு ஒன்று வேண்டும். ஒரு தலைமுறை சோம்பியிருந்தாலும் ஏடு ஒருவாறு தப்பிக்கும். பத்தாண்டுகள் சோம்பியிருந்தால் வன்தட்டு தப்புமா என்று சொல்ல முடியாது.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வேறுபாடு இங்கே வேண்டப்படுகிறது. பொருள் இருந்தும் படிக்க இயலாமற் போவது பிராமிக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் அரசன் கட்டளைப்படி நாட்டின் பெரும்பகுதியைக் கணக்கெடுத்துத் தோல்தாளில் எழுதிய 'டூம்ஸ்டே' ஏடு இன்றும் அங்கே இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவுக்காக 1986இல் பிபிசி நிறுவனம் பள்ளி மாணவர் பெருந்தொகையினரைக் கொண்டு புதிய கணக்கு ஒன்றைத் திரட்டி, லேசர்த் தட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அத்தட்டை ஓட்டும் கருவிகள் அரியனவாகிவிட்டன. பழைய கருவியின் செயலைப் புதிய கணிப்பொறியில் போலச் செய்து காட்டி, அறிஞர்கள் மிக முயன்று அதை மீட்கவேண்டியதாயிற்று. ஒன்பது நூற்றாண்டுத் தோல்தாளுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை.

நம் தமிழுக்கு நேர்ந்ததோ இதைவிட நுட்பமான இடர். கணிப்பொறி எண்களையே அறியும் என்றேன். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரவேண்டும். 1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண் தந்தனர். வகுப்பில் மாணவர்க்குப் பெயருக்குப் பதில் வரிசையெண் வழங்குவதை எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளியில் 17ஆம் எண் கந்தசாமி. அடுத்த பள்ளியில் 17 பெரியசாமி. எண்கள் மட்டும் எழுதிய தாள் கையில் கிடைத்து, எந்தப் பள்ளியின் பதிவேடு என்பது தெரியாவிட்டால் அத்தாளால் என்ன பயன்? அக்காலத்துத் தமிழ்க் கோப்பை இன்று திறந்தால், ஆங்கில எழுத்தும் கிறுக்கலும் கலந்த ஒரு குப்பை தோன்றும். எழுத்து அழியவில்லை, எண்களெல்லாம் பத்திரமாகவே உள்ளன. பதிவேடுதான் தொலைந்துபோயிற்று.

நான் பணியாற்றிய வேறொரு பள்ளியில் 1990களில் விழா மலர் ஒன்று வெளியிட்டோம். ஊர்ப் பெரியவர்கள் சொல்லிய பழஞ்செய்திகளைக் கேட்டு எழுதியிருந்தோம். அவர்களுள் ஒருவரும் இன்று இல்லை. அச்சான படிகள் நானூறோ ஐந்நூறோ. அச்சகத்தார் கோப்பை மூன்று பிளாப்பித் தட்டுகளில் போட்டு, "இனிமேல் இது என்றும் இருக்கும், ஐயா" என்று கொடுத்தார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். பிளாப்பியைச் செருகும் வாய் கணிப்பொறிகளிலிருந்து படிப்படியாக மறைந்தது. அத்தட்டுகளைப் பெருமளவில் விற்றுவந்த சோனி நிறுவனம் 2011இல் விற்பனையை நிறுத்தியது. பின்னாளில் மாணவர் சிலர் எங்கிருந்தோ ஒரு கருவியைத் தேடிப் பிடித்து, அத்தட்டுகளைப் படித்துப் பார்த்தனர். ஒன்று திறக்கவே இல்லை. மற்ற இரண்டிலும் வந்தது நான் மேலே சொன்ன குப்பையே. அந்த எழுத்துருவைச் செய்த நிறுவனம் எது என்று அச்சகத்தாருக்கும் நினைவில்லை. அலமாரியில் கிடந்த அச்சுப்படியைப் பார்த்துத்தான் அம்மலரை மீண்டும் தட்டெழுத்தில் ஏற்றினார்கள்.

இக்குறைக்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே எண்வரிசையாகிய யூனிகோடு 1991இல் வந்தது. தமிழுக்கு முதற் பதிப்பிலேயே இடம் உண்டு. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றது. இடையிலே நல்லவழி காட்டியோரும் உளர். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், வெளிநாட்டுத் தமிழரும் உள்நாட்டுத் தமிழரும் ஊதியமின்றித் தட்டெழுதிச் சேர்த்த இலக்கிய நூல்களின் தொகுதி. முன்பு அதன் நூல்கள் திஸ்கி என்னும் பழைய எண்வரிசையில் இருந்தன. அதன் காலம் முடிகிறது என்று கண்டதும், அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வெளியிட்டனர். எங்கள் விழா மலருக்கும் அவர்கள் நூல்களுக்கும் தொடக்கத்தில் இருந்த நோய் ஒன்றே. அங்கே உரிய காலத்தில் பார்க்க ஆள் இருந்தது.

நாமக்கல், சங்ககிரி மாணவர்களுக்கு இதை லாரியைக்கொண்டு விளக்கிவிடலாம். நெடுந்தொலைவு போகும் வண்டி வழியில் பழுதானால் ஓட்டுநர் என்ன செய்கிறார்? மாற்று வண்டி வரவழைத்துச் சரக்கை அதில் ஏற்றி அனுப்புகிறார். சரக்கு ஊர் போய்ச் சேரவேண்டும். எந்த வண்டியில் போனால் என்ன? மின்பதிவைக் காப்பவரின் தொழிலும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு: வண்டி நின்றபின் சரக்கை மாற்றலாம், தட்டு நின்றபின் பதிவை மாற்ற முடியாது. ஓடும்போதே மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் தாளும் ஏடுமே போதும் என்று நான் வாதிடுவதாக எண்ணவேண்டா. யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு சூன் முதல்நாள் இரவோடிரவாக எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே இருந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இதழ்களும் அடங்கும். தாள் நெடுநாள் பொறுக்கும் என்ற குணம் அவ்விரவில் உதவவில்லை. ஓரிடத்தில் மட்டும் இருந்ததே குற்றமாயிற்று. 2005இல் ஈழத்தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஒளிப்படமாக்கி இணையத்தில் வைக்கும் 'நூலகம்' என்னும் முயற்சியைத் தொடங்கினர். ஒரே நூலைப் பல நாடுகளில் உள்ள கணிப்பொறிகளில் ஒருங்கே வைத்திருக்க மின்பதிவால் இயலும்; எந்த ஒரு தீயும் எல்லாவற்றையும் எட்டமுடியாது. இந்த ஆற்றல் கல்லுக்கும் இல்லை, ஓலைக்கும் இல்லை. சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர் முத்தையா செட்டியார் திரட்டிய நூல்களைக்கொண்டு 1994இல் அமைந்தது. அங்கே நொறுங்கும் நூல்களை முதலில் நுண்படச்சுருளில் எடுத்தனர். நல்ல பாலியெஸ்டர்ச் சுருள், குளிர்ந்த உலர்ந்த அறையில் ஐந்நூறு ஆண்டு இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. அதைப் படிக்க ஓர் உருப்பெருக்கியும் ஒரு விளக்கும் இருந்தால் போதும். மின்படமும் நுண்படமும் அருகருகே இருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று பரவ உதவும். மற்றொன்று கவனிப்பார் இல்லாத காலத்தைத் தாண்ட உதவும்.

கல்வெட்டுக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களில் பதியவைத்து, மேலே மை ஒற்றினால் எழுத்து வெண்மையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் விழும். அதனை மசிப்படி என்பர். அவற்றைப் படித்து அச்சிட்ட 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசை 1890 முதல் வெளிவருகிறது. திருப்பணியின்போது கல்லைத் தேய்த்தும் பெயர்த்தும் எழுத்து போய்விட்ட கோயில்கள் உண்டு. பாறையை வெட்டி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட நம் பக்கத்தில் குன்றுகளே காணாமற் போகின்றன. அங்கே கல்லின் நினைவைத் தாள் சுமக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நிலப்பத்திரத்தையும் பள்ளிச் சான்றிதழையும் ஒளிப்படம் எடுத்துச் செல்பேசியில் வைத்திருப்பீர்கள். நல்லது, மூலத்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செல்பேசிப் படங்களில் பத்தோ இருபதோ உண்மையில் வேண்டியவை இருக்கும். அவற்றைத் தாளில் அச்சிட்டு ஒரு பிரதி பெட்டியிலும், மின்பதிவுப் பிரதியை இரண்டு வேறு இடங்களிலும் வைத்திருங்கள். ஆண்டுக்கொருமுறை, தேர்வு முடிந்த விடுமுறையில், எல்லாம் திறக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான படங்களை அப்படியே காக்க முயல்பவர் ஒன்றையும் காக்கமாட்டார். தேர்ந்தெடுப்பதும் காப்பதன் ஒரு பகுதியே. பழைய வீட்டுப் புகைப்படங்களின் பின்புறத்தில், அதில் இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மைப்பேனா வேண்டா, ஊறி முகத்துக்கு வரும். பெயரில்லாத படம் 1837க்கு முந்திய பிராமியைப் போன்றது. அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டியோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இப்போது இருப்பார்கள். படங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.